இங்கர் கேட்காமல் விட்டது

இன்று இங்கே டென்மார்க்கில், இஷொய் பஸ் தரிப்பில் ஒரு வயதான டெனிஷ் பெண்மணி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பார்த்தால், இங்கர்!

எண்பதுகளின் நடுவில் ஓர் ஆஸ்பத்திரியின் நிலக்கீழ் அறையில் நாங்கள் இருவரும் ஒன்றாக வேலை செய்தோம். வீடு திரும்பிய நோயாளிகளின் கோப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டு எண்ணை எழுதும் வேலை. அவர் மூத்தவர், நான் புதியவள். காலையில் ஒரு வணக்கம் சொல்வார். பிறகு மாலைவரை தாள் புரளும் சத்தம்தான்.

என்னை அவருக்குப் பிடிக்காது என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

இன்று அவராகவே டெனிஷில் பேச்சைத் தொடங்கினார்.

"ஒருநாள் நீ அழுதழுது வேலை செய்தனி. ஞாபகம் இருக்கோ?"

"ஓம். ஊரில என்ர தம்பி செத்த செய்தி அண்டைக்குத்தான் வந்தது."

"உன்ர மேசையில ஒரு கப் கோப்பி வச்சிட்டுப் போனன்."

"அது நீங்களோ? ஆரோ மறந்துபோய் விட்டது எண்டு ஊத்திப்போட்டன்."

இங்கர் சிரிக்கவில்லை.

"என்ன நடந்தது எண்டு கேக்கப் பயமாயிருந்தது. தம்பிக்கு என்ன பேர்?"

சொன்னேன். இந்த நாட்டில் அந்தப் பெயரை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார், இரண்டு தரமும் பிழையாக.

பஸ் வந்தது. உள்ளே இடம் நிறைய இருந்ததால், டெனிஷ் வழக்கப்படி அவர் தனியாக ஓர் இருக்கையில் போய் அமர்ந்தார்.

முதலில் வேறோர் இருக்கையில் இருந்த நான், எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டேன்.

இங்கே இது மரியாதைக்குறைவா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.