புகையிலைத் தோட்டத்து எட்டாவது ஷெல்

புத்தூர்ப் பரமலிங்கம் இருப்புக்கொள்ளாத மனிதர். தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டும்போதும் ஒரு காது வானத்தில்தான் இருக்கும். யுத்தம் முடிந்து எத்தனையோ வருடங்களாகியும் அந்தக் காது இறங்கி வரவில்லை.

பங்கருக்குள் குடும்பம் ஒடுங்கிக் கிடந்த காலத்தில் அவர் படித்தது சத்தங்களைத்தான். மோட்டார்க் குண்டு என்றால் முதலில் தூரத்தில், ஏவுகிற இடத்திலிருந்து, 'தொப்' என்று குத்துகிற சத்தம் கேட்கும். இருபது எண்ணுவதற்குள் பிள்ளைகளை உள்ளே தள்ளிவிடலாம். செக் நாட்டு மல்ரிபரல் ரொக்கெற் நாற்பது குழலாலும் இரைந்துகொண்டு வரும். சோவியத்தில் பிறந்து சீனாவில் படியெடுக்கப்பட்ட 130 மில்லிமீற்றர் நெடுங்குழல் பீரங்கியைத்தான் அவர் வெறுத்தார். அது எண்ணவே விடாது.

அப்படி ஒரு காலையில் அவருடைய புகையிலைத் தோட்டத்தில் ஏழு ஷெல்கள் வெடித்தன. எட்டாவது வெடிக்காமல் மண்ணுக்குள் போய்விட்டது என்றார். பின்னாளில் வந்த கண்ணிவெடி அகற்றும் குழு மேல்மண்ணில் தேடிவிட்டு, ஒன்றுமில்லை என்று கடிதம் கொடுத்தது.

போன மாசியில் மகன் நிருஷன் அதே இடத்தில் குழாய்க்கிணறு துளைக்க மெஷின் பிடித்தான். பரமலிங்கம் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுபோய் அங்கே போட்டு உட்கார்ந்துவிட்டார். அப்பு சீற் பிடித்துவிட்டார் என்று மெஷின்காரன் சிரித்தான். இயந்திரப் பொறியியலாளரான மகள் வினோஜா கொழும்பிலிருந்து வந்து விசாரித்தாள்.

"ஏழு வெடி கேட்டது பிள்ளை. அதுக்குப் பிறகு எட்டுத் தரம் குத்துற சத்தம். எண்ணினனான்."

"குத்துற சத்தம்தான் முதல் வரும், வெடி பிறகு. உங்களுக்கு மாறிப்போச்சுதப்பா."

"உந்தக் கடிதம் எழுதினவன் அண்டைக்கு எங்கடை பங்கருக்குள்ளை இருந்தவனே?"

மெஷின் திரும்பிப் போனது. அவர் திரும்பவில்லை. விடிந்தால் பொழுதுபடும்வரை கதிரையில்தான். பங்குனியில் இதயம் நின்றது. ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டதும் மெஷின் வந்ததா என்றுதான்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த மறுநாள், நிருஷன் மறுபடியும் மெஷினுக்குச் சொல்லிவிட்டான். வினோஜாவுக்கு இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஒரு தாளை எடுத்தாள். பீரங்கி நின்ற இடம் பன்னிரண்டு கிலோமீற்றர் தூரம் என்று அப்பா சொல்லியிருந்தார். அவ்வளவு தூரத்துக்குச் சத்தம் வந்து சேர முப்பத்திநாலு செக்கன். மோட்டார்க் குண்டு சத்தத்தைவிட மெதுவாக வரும். 130இன் குண்டுக்கு இருபத்திரண்டு செக்கன் போதும்.

வெடிதான் முதல். பன்னிரண்டு செக்கன் கழித்துத்தான் குத்துகிற சத்தம். அப்பாவுக்கு ஒன்றும் மாறவில்லை.

அவள் துளைப்பை நிறுத்துவித்தாள். ஆழத்தில் தேடும் கருவியோடு வேறொரு குழு வந்தது. கதிரைக் கால் பதிந்த தடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, ஒன்றரை மீற்றர் கீழே கிடந்தது. 130தான்.

நீதிமன்ற அனுமதி கிடைத்ததும் அதைத் தூரத்துத் தரவை வெளிக்குக் கொண்டுபோய் வெடிக்கவைத்தார்கள். வினோஜா தோட்டத்தில் அந்தக் கதிரையில் இருந்தாள். வெடி கேட்டது. எல்லாம் முடிந்தது, எழும்பு என்றான் நிருஷன்.

அவள் கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டு, பன்னிரண்டு வரை எண்ணினாள்.