கோமதி வீட்டு இறகு டிரம்

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கொல்லிமலை போனேன். அருவி பார்க்க இல்லை, கோழி இறகு கரைவதைப் பார்க்க. சிரிக்காதீர்கள். ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்த கோமதி நுண்ணுயிரியல் படித்தவள். மலைமேல் வாழவந்தி நாடு என்ற ஊரில் வாக்கப்பட்டிருக்கிறாள். பக்கத்தில் சோளக்காடு என்ற ஊரின் கறிக்கடைகள் ஓடையில் கொட்டிக்கொண்டிருந்த இறகை எடுத்துவந்து, டிரம்மில் பாக்டீரியா விட்டுக் கரைத்து உரமாக்குகிறாள்.

நாமக்கல்லில் காலை ஆறரைக்குப் பஸ். காளப்பநாயக்கன்பட்டியில் இட்லி நாற்பது ரூபாய், சட்னி சுமார்தான். அப்புறம் எழுபது கொண்டை ஊசி வளைவு. பாதி வழியிலேயே அந்த இட்லி மேலே வரப் பார்த்தது. ஒன்பது மணிக்குச் சோளக்காடு. அங்கிருந்து ஆட்டோ, நூற்றைம்பது.

"இறகு டிரம் வெச்சிருக்கற ஊடுங்களா? மூக்கப் புடிச்சுக்கங்க," என்றார் ஆட்டோக்காரர்.

போய் இறங்கினால் கமகமவென்று பினாயில் வாசம்! கோமதியின் மாமியார் வாய் நிறையச் சிரித்தார். "வா கண்ணு. விருந்தாளி வர்ற ஊடு நாறலாமா? காலையில ஒரு பாட்டில் பினாயில டிரம்முல ஊத்திட்டேன்." மாற்றுக்கு என்று கோமதி பாக்டீரியா எடுத்து வைத்திருந்த பாட்டிலையும் நாற்றம் என்று கழுவிக் கவிழ்த்திருந்தார்.

கோமதிக்கு முகமே செத்துவிட்டது. பாக்டீரியாவும்தான். நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பினாயில் பார்க்குமா?

மறுநாள் ஊர்க்கூட்டம் வேறு. நாற்றம் தாங்கவில்லை, டிரம்மைத் தூக்கு என்று பக்கத்துக் காட்டு பெரியசாமிதான் ஊரைக் கூட்டியிருந்தார். இறகு கரைந்து உரமானதைக் கூட்டத்தில் காட்டாவிட்டால் டிரம் போகும், இறகு திரும்ப ஓடைக்குப் போகும். "எனக்கென்ன சாமி தெரியும்," என்று மாமியார் கண்ணைத் துடைத்தார். யாரைத் திட்டுவது? எனக்காகச் செய்தது.

சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்டு அதே பெரியசாமி ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு வந்து நின்றார்.

"அம்மணி, போன மாசம் கேக்காம டிரம்முல ஒரு குடம் மொண்டுட்டுப் போயிட்டேனுங்க. மொளகுக் கொடிக்கு ஊத்துனேன், தளதளன்னு துளுத்துருச்சு. மிச்சம் இருக்குது. இதுல உசுரு இருக்குங்களா?"

கோமதி மூடியைத் திறந்தாள். குப்பென்று அடித்தது பாருங்கள் ஒரு நாற்றம், அடேயப்பா! அந்த நாற்றத்துக்கு அப்படிச் சிரித்த ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை.

"இருக்குதுங்க! வேற டிரம்முல விட்டாப் பெருகிரும்."

"நாளைக்குக் கூட்டத்துல?" என்று கேட்டேன்.

"நான்தானுங்களே கூட்டுனேன். நானே கலைச்சு உட்டுர்றேன்," என்று தலையைச் சொறிந்தார்.

போகிறவர்களுக்கு: காலையில் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். திரும்பும் கடைசி பஸ் எப்போது என்று சோளக்காட்டிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கோமதி வீட்டுக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். வாசலில் நாறினால், எல்லாம் நலம் என்று அர்த்தம்.