ஹவா மாற்ற வந்தவர்கள்

பெங்களூர்க் காற்றைப் பற்றி யாராவது புகழ ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. "உங்க ஊர் ஹவா இருக்கே, அதுவே ஒரு மருந்து" என்பார்கள். மருந்துதான், ஒப்புக்கொள்கிறேன். அதை வேளாவேளைக்குக் காய்ச்சி, ஆற்றி, கையில் கொடுத்தது யார் என்று அவர்களில் ஒருவராவது கேட்டதுண்டா? கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

கல்யாணமாகி நான் ஹலசூருக்கு வந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. என் கணவர் ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. ஏரிக்குப் போகும் சந்தில் எங்களுடையது ஓட்டு வீடு. முன்னால் ஒரு கூடம், அதை ஒட்டிச் சமையலறை, பின்னால் இரண்டு ஜன்னல் வைத்த ஓர் அறை. வீட்டில் மூன்றாவது ஆள் என் நாத்தனார். என்னைவிட இரண்டு வயது சிறியவள். பதின்மூன்றில் கல்யாணம், பதினைந்தில் எல்லாம் முடிந்துபோயிற்று. தாய் தகப்பன் இல்லாத அண்ணனையும் தங்கையையும் ஆற்காட்டில் அவர்களுடைய பெரியப்பாதான் வளர்த்தார். இவரை மெட்ரிகுலேஷன் வரை படிக்க வைத்தவர் அவர். அவளை நாற்பது வயதுக்காரருக்குக் கட்டிக் கொடுத்தவரும் அவரே. திரும்பி வந்தவளை ஒரே வாரத்தில் "அண்ணன்கிட்ட போய் இரு" என்று ரயிலேற்றி விட்டவரும் அவரே.

அவள் அழுமூஞ்சி என்று நினைத்துவிடாதீர்கள். அவளைப் போல ஆளைப் பார்த்து நடித்துக் காட்டுகிறவளை நான் அப்புறம் பார்த்ததில்லை. வந்த விருந்தாளி எப்படி ஏப்பம் விடுவார், எப்படிச் செருமிக்கொண்டு இரண்டாவது டம்ளர் காபி கேட்பார், எல்லாம் அடுப்படியில் அரங்கேறும். கூடத்தில் கேட்டுவிடக் கூடாது என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பேன். பட்டாணி உரிக்க உட்கார்ந்தால் பாதியைப் பச்சையாகவே தின்றுவிடுவாள். அந்த வீட்டில் எனக்கு வாய்த்த சிநேகிதி அவள் ஒருத்திதான்.

விருந்தாளி என்றேன். சித்திரை பிறந்தால் ஆரம்பித்துவிடும். வேலூரிலும் ஆற்காட்டிலும் பட்டணத்திலும் வெயில் ஏறினால் இவர்களுடைய உறவுக்காரர்களுக்கெல்லாம் உடம்பு ஞாபகம் வந்துவிடும். ஒருவருக்கு மூச்சு முட்டும், ஒருவருக்கு நீரிழிவு, இன்னொருவருக்கு என்னவென்றே தெரியாது, ஆனால் பசிக்கவில்லை. டாக்டர் ஹவா மாற்றச் சொன்னார் என்று கார்டு வரும். கார்டுக்குப் பின்னாலேயே ஜட்கா வந்து நிற்கும். பெரியப்பாவும் பெரியம்மாவும் வருஷம் தவறாமல் வந்து ஆனி முடிகிறவரை இருப்பார்கள். வந்த முதல் நாளிலிருந்து ஒருவருக்கு உப்பில்லாமல், ஒருவருக்குப் புளியில்லாமல், மூன்றாமவருக்கு இரண்டும் தூக்கலாக. காலையில் கோதுமைக் கஞ்சி, பதினோரு மணிக்கு மோர், குளிக்க வெந்நீர், படுக்கும்போது பால். பசியில்லை என்று வந்தவர் மூன்றாம் நாள் "இந்த ஊர்த் தண்ணி கல்லையும் கரைக்குது" என்று இலையை வழித்துச் சாப்பிடுவார்.

ஜன்னல் வைத்த பின்னறை அவர்களுக்கு. காற்று வாங்கத்தானே வந்திருக்கிறார்கள். நாங்கள் இருவரும் கூடத்தில். என் நாத்தனார் சமையலறைச் சுவரோரம், விறகுக் கட்டைக்கும் புகை படிந்த சுவருக்கும் நடுவில் பாயைப் போட்டுக்கொள்வாள். ஆள் இல்லாத மாதங்களிலும் அவள் இடம் அதுதான். பின்னறையைப் பெருக்கிப் பூட்டி வைத்திருப்போம், யாராவது வந்தால் வேண்டுமே என்று.

இதில் இவர் ஒரு வேடிக்கையைப் பழக்கமாக்கி வைத்திருந்தார். வருகிறவர்களை ஸ்டேஷனிலேயே பார்சல் தராசில் நிறுத்தி எடை பார்ப்பார். ஊர் திரும்பும்போது மறுபடியும் நிறுத்துவார். ஐந்து ராத்தல், ஏழு ராத்தல் என்று ஏறியிருக்கும். அதை அவர்கள் ரயில் ஜன்னலிலிருந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டு போவார்கள். ஊரில் போய் இன்னும் இரண்டு சேர்த்துச் சொல்வார்கள். அடுத்த வருஷம் அதைக் கேட்டுவிட்டு இன்னும் இரண்டு பேர் வருவார்கள். இவருக்கு அதில் ஒரு பெருமை, ஏதோ இவரே சதை போட்டு அனுப்பியதைப் போல.

நாத்தனாருக்கு இருமல் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. புகை என்றோம். அப்புறம் பனி என்றோம். சாயங்காலமானால் கை சுடும், தொட்டுப் பார்த்தால் "அடுப்புகிட்ட நிக்கிறேன் இல்ல, சுடாம என்ன பண்ணும் அண்ணி" என்பாள். பெரியப்பா ஒருநாள் அவள் இருமுவதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பெங்களூர்ல இருக்கிறவளுக்கு இருமலா? வெளியில சொல்லாதே பொண்ணு, சிரிப்பாங்க."

நாங்களும் அப்படித்தான் நம்பினோம், அதுதான் என் வயிற்றெரிச்சல். ஊரெல்லாம் உடம்பு தேற வருகிற இடத்தில் இருக்கிறவளுக்கு உடம்பு கெடும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த ஆனியில் பெரியப்பா ஊருக்குக் கிளம்பியபோது நாங்கள் இருவரும் காய்கறிக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை போனோம். நூக்கோலும் பட்டாணியும் இல்லாமல் அவர்கள் ஊர் திரும்பினதே இல்லை. வழக்கம்போலப் பெரியப்பா தராசில் ஏறினார். ஒன்பது ராத்தல் கூடியிருந்தது. சந்தோஷம் தாங்காமல் அவளைக் கூப்பிட்டார்.

"நீயும் ஏறு பொண்ணு, பார்ப்போம்."

அவள் வெட்கப்பட்டுக்கொண்டு, கூடையைக் கீழே வைத்துவிட்டு ஏறினாள். இவர் எடைக்கல்லை எடுத்தார், இன்னொன்றையும் எடுத்தார், முள்ளை நகர்த்தினார். எழுபத்து நான்கு ராத்தல். இருபத்தாறு வயதுப் பெண். பக்கத்தில் கிடந்த உருளைக்கிழங்கு மூட்டை அதைவிட அதிகம் இருக்கும்.

"தராசு சரியில்லடா" என்றார் பெரியப்பா.

"ஆமா, காலையில மூட்டையைப் போட்டு இடிச்சுட்டாங்க" என்றார் இவர்.

ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அவருக்கு ஒன்பது ராத்தல் ஏற்றிக் காட்டியபோது அந்தத் தராசுக்கு ஒரு கோளாறும் இல்லை! தராசே பிழைப்பாக இருக்கிற மனிதர், தினமும் காலையில் கல் வைத்துச் சரிபார்த்து நோட்டில் கையெழுத்துப் போடுகிறவர், தன் தங்கை ஏறி நின்றதும் தராசைக் குற்றம் சொன்னார். அவள் இறங்கி, "என்னையும் பார்சல்ல கட்டி எங்கியாவது அனுப்பிடுங்க அண்ணி, சரக்குக் கூலி கம்மியாத்தான் ஆகும்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். இதை எழுதும்போது அந்தச் சிரிப்பு என் காதில் கேட்கிறது, என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்தும் அந்த எண் என்னை விடவில்லை. ஆவணியில் இவரிடம் சண்டை போட்டு அவளை லேடி டாக்டரிடம் அழைத்துப் போனேன். கன்னடக்கார அம்மாள். முதுகில் தட்டிக் கேட்டார், மூச்சை இழுத்து விடச் சொன்னார், அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இஷ்டு தின ஏனு மாட்தா இத்ரி?"

இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்! என்ன பதில் சொல்வது? கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தோம் என்றா? இரண்டு பக்க நெஞ்சும் அரித்துப் போயிருந்தது. க்ஷயம் என்ற வார்த்தையை அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

அன்றைக்குத்தான் பின்னறைப் பூட்டைத் திறந்து அவளைக் கட்டிலில் படுக்க வைத்தேன். இரண்டு ஜன்னலையும் திறந்துவிட்டேன். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. அவள் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள்.

"அண்ணி, இங்க காத்து நல்லா வருதே" என்றாள்.

பத்து வருஷத்துக்கு மேலாக அந்த வீட்டில் இருந்தவள். தினமும் அந்த அறையைப் பெருக்கியவள், படுக்கையை உதறிப் போட்டவள், பால் டம்ளரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தவள். அங்கே காற்று வரும் என்பது படுத்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்தக் காற்றை அவள் மூன்று மாதம் வாங்கினாள். மார்கழியில் போய்விட்டாள்.

ஹவா மாற்ற வந்தவர்களில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மார்கழிக் குளிர் அவர்கள் உடம்புக்கு ஆகாதாம்.

தை பிறந்ததும் நான் விழுந்தேன். சாயங்காலக் காய்ச்சல், ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினால் மூச்சு வாங்கல். அதே லேடி டாக்டர், அதே மாதிரி முதுகில் தட்டிக் கேட்டார். இன்னும் நெஞ்சில் இறங்கவில்லை, ஆனால் இப்படியே வேலை செய்தால் இறங்கும் என்றார். ஆறு மாதம் ஓய்வு, பால், முட்டை, தனி அறை, காலையில் மெதுவாக நடை. கொஞ்சம் தெம்பு வந்ததும் வேறு ஊருக்குப் போய்ச் சில வாரம் இருந்தால் நல்லது என்றும் சொன்னார். பெங்களூர்க்காரிக்கு ஹவா மாற்றம்! வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

இவர் நம்பிக்கையோடு ஆற்காட்டுக்கு எழுதினார். எனக்குச் சமைத்துப் போட ஆளிருக்கும், வீடும் பெரியது. பதில் கார்டை இவரே உரக்கப் படிக்க ஆரம்பித்தார். பெண் போன செய்தி கேட்டு மனம் தவிக்கிறது என்று இரண்டு வரி. இங்கே இப்போதே வெயில், வீட்டில் ஓடு மாற்றுகிறோம், உன் சம்சாரத்துக்கு வசதிப்படாது, பெங்களூர்க் காற்றைவிட வேறு காற்று எங்கே இருக்கிறது என்று நாலு வரி. அடுத்த வரியில் இவர் குரல் இறங்கியது. நான் கார்டை வாங்கிப் படித்தேன். பின்னறை காலியாகத்தானே இருக்கும், இரண்டு பூச்சு சுண்ணாம்பு அடித்து வைத்தால் போதும், சித்திரை முதல் வாரம் வருகிறோம்.

கார்டைக் கிழிக்கவில்லை. கிழித்தால் கோபம் ஆறிவிடும். இவரைப் பார்த்து, "வராதீங்கன்னு எழுதுங்க" என்றேன். "வளர்த்தவரை எப்படிம்மா வராதேன்னு எழுதறது?" என்றார். சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். அடித்து முடித்து ஈரம் உலர்ந்ததும் என் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு போய் அந்தக் கட்டிலில் நான் படுத்தேன்.

சும்மா கிடப்பது அவ்வளவு லேசான வேலை இல்லை. முதல் வாரம் பாத்திரச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்காருவேன். இவர் கஞ்சியை அடிபிடிக்க விட்டார், அரிசியில் கல்லை விட்டார். பொறுத்துக்கொண்டேன். பால் டம்ளரைக் கையில் வாங்கும்போதெல்லாம் இது அவளுக்குப் போயிருக்க வேண்டியது என்று தோன்றும். அழுதுகொண்டே குடித்தேன், ஆனால் குடித்தேன். பங்குனியில் காய்ச்சல் நின்றது. காலையில் ஏரிக்கரையில் பாதி தூரம், அப்புறம் முக்கால் தூரம் நடந்தேன். பக்கத்து வீட்டம்மாள் வழிமறித்து, "நாத்தனார் போய் நாலு மாசம் ஆகல, நீ மினுமினுன்னு ஆயிட்டியே" என்றாள். "அவ போனதாலதான் ஆகுறேன். இல்லாட்டி நானும் அவ பின்னாடியே போகணும்" என்றேன். அப்புறம் அந்த அம்மாள் என்னோடு பேசவில்லை. நல்லதாகப் போயிற்று.

சித்திரையில் சொன்னபடி ஜட்கா வந்து நின்றது. இவர் அவர்களை அழைத்து வர ஸ்டேஷனுக்குப் போகவில்லை, அதுவே எனக்கு ஆச்சரியம். வாசலில் பெட்டி இறங்கும் சத்தம் கேட்டது. பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நேரே பின்னறைக்கு வந்தார்.

"என்னம்மா, விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு, இன்னும் படுக்கையா? எழுந்து வெந்நீர் போடு. உங்க பெரியப்பாவுக்கு ரயில்ல தூக்கமே இல்ல."

என் கால் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தது. நான் சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கால் என் பேச்சைக் கேட்காமல் தானாகவே இறங்கப் பார்த்தது. கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். இப்போது எழுந்தால் வெந்நீரோடு நிற்காது, கஞ்சி, மோர், பால், ஆனி, அப்புறம் மார்கழி என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"நான் எழுந்திருக்க மாட்டேன் பெரியம்மா. எனக்கு உடம்பு சரியில்ல."

"எங்களுக்கும்தானே சரியில்ல!" என்றார் அவர், ரொம்ப நியாயமான குரலில்.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். அவர் முணுமுணுத்துக்கொண்டு வெளியே போனார். கூடத்தில் பெரியப்பாவின் குரல் எழும்பியது. பெண்டாட்டியைக் கண்டிக்கத் தெரியாதவன், சோறு போட்டதை மறந்தவன் என்று என்னென்னவோ. போச்சு, இவரே எழுந்து வந்து என்னைக் கெஞ்சப் போகிறார் என்று நினைத்தேன்.

"இடம் இல்ல பெரியப்பா" என்றார் இவர்.

"என்னடா?"

"வீட்ல இடம் இல்ல. சத்திரத்துக்கு ஜட்கா பேசி விடறேன்."

பெட்டி மறுபடி ஏறியது. பெரியப்பா தெரு முழுக்கக் கேட்கும்படி ஏதோ சபித்தார். ஜட்கா திரும்பிப் போயிற்று. வானம் இடிந்து விழவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு.

இவர் பின்னறைக்கு வந்து வாசற்படியில் நின்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. நான் மெச்சுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

"சொல்லிட்டேன்" என்றார்.

"போன வருஷம் சொல்லியிருக்கணும்" என்றேன்.

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து தங்கையின் பேரைச் சொல்லி அழுதார். அவள் போன அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. நான் எழுந்துபோய் ஆறுதல் சொல்லவில்லை. அவள் இருந்தவரை நானும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே, இடம் இல்லை என்ற அந்த வார்த்தையை.