நகராத பேருந்தின் கண்டக்டரம்மா

“உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத!” என்று குரல் கொடுத்தபடி நாற்காலிகளுக்கு நடுவே நடக்கிறார் கண்டக்டரம்மா. கால்களை அகட்டி வைத்து, சற்றே பின்சாய்ந்து, வளைவு வரும்போது இடுப்பை மட்டும் ஒடித்து. வளைவு ஏது? பெண்கள் சிறையில் முன்பு நூல்கண்டுகள் அடுக்கிவைத்திருந்த அறை அது. இரண்டிரண்டாக ஆறு வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகள். அவற்றில், விடுதலைக்குச் சில வாரங்களே மிச்சமிருக்கும் பெண்கள். இருப்பது ஒரே சன்னல், அதுவும் கைக்கெட்டாத உயரத்தில்.

பேருந்து வேலையிலிருந்து ஓய்வுபெற்று நான்கு வருடமாகிறது. இருபத்தெட்டு வருடம் நின்றே பழகிய உடம்பு உட்கார மறுக்கிறது. சாப்பிடுவதும் நின்றுதான். “குக்கர் ரெண்டு விசில் அடிச்சாப் போதும், ‘ரைட், போலாம்’ங்கிறா” என்று அவர் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

செவ்வாய்தோறும் கிளம்பும் இந்த வண்டியில் பெண்கள் கைகாட்டி ஏற வேண்டும். இடம் சொல்லிச் சீட்டு வாங்க வேண்டும். “கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்று வாய்திறந்து கேட்க வேண்டும். நிறுத்தம் வந்தும் எழாமல் முகம் பார்ப்பவர்களிடம், “அம்மாடி, உத்தரவுக்கா காத்திருக்கே? வெளியில யாரும் உத்தரவு போட மாட்டாங்க. நீயாத்தான் எந்திரிக்கணும்” என்பார்.

வண்டி வேகமெடுத்ததும் கண்களை மூடிக்கொள்ளச் சொல்லி, வெளியே என்ன தெரிகிறது என்று கேட்பார். ஒருத்திக்கு மழை பெய்து ஓய்ந்த தெரு. இன்னொருத்திக்கு ஏதோ மாடியில் காயும் சின்னஞ்சிறு சட்டை. “நாய் ஒண்ணு கூடவே ஓடி வருது” என்று ஒரு குரல். பின்வரிசைக்காரி காலை உள்ளிழுத்துக்கொள்கிறாள், சாரல் அடிக்கிறதாம். கதவோரம் நின்றிருந்த காவலர் ஒருநாள் மெல்ல வந்து ஓர நாற்காலியில் அமர்ந்து, “ஆத்துப் பாலம் வந்தா சொல்லுங்க” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

இதற்கெல்லாம் காரணமானவளை அவர் மறுபடி பார்த்ததே இல்லை. வேலையின் கடைசி வருடம், சிறைவாசல் நிறுத்தத்தில் பையோடு ஏறிய ஒரு பெண், வழித்தடத்தின் இரு முனைகளுக்கும் மூன்று முறை போய்வந்தாள். இறங்கவேயில்லை. “வண்டி ஷெட்டுக்குப் போகுதும்மா, இறங்கு” என்று இறக்கிவிட்டார். “‘எங்கம்மா போவே?’ன்னு ஒரு வார்த்தை கேக்கலியே நான்” என்று இன்றும் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

போன மாதம் விடுதலையானவள் தையல்காரி. பதினோரு வருடம் உள்ளே இருந்தவள். மூன்று வயதில் விட்டுவந்த மகள் அக்கா வீட்டில் வளர்கிறாள்; அக்காவையே அம்மா என்கிறாள். செவ்வாய்தோறும் தையல்காரி வேறுவேறு இடத்துக்குச் சீட்டு கேட்பாள். கடற்கரை, ரயில் நிலையம், ஒருமுறை நிலா. “நிலாவுக்கு நேர் வண்டி இல்ல, மாறிப் போகணும்” என்று கண்டக்டரம்மா அதற்கும் சீட்டு கிழித்துக் கொடுத்தார். அக்கா வீட்டுத் தெருவின் பெயர் மட்டும் அவள் வாயில் வரவேயில்லை.

கடைசிச் செவ்வாயன்று எல்லோரும் இறங்கிய பிறகு கேட்டாள்: “அவ என்னை என்னன்னுக்கா கூப்பிடுவா?”

“எனக்குத் தெரியாதும்மா” என்றார் கண்டக்டரம்மா. ஆறுதலுக்குப் பொய் சொல்ல அவருக்கு வராது.

விடுதலையன்று சிறைவாசலில் நின்றிருந்தார். இருவரும் நிஜப் பேருந்தில் ஏறினார்கள். அக்கா வீட்டு நிறுத்தத்துக்குத் தையல்காரியே சீட்டு வாங்கினாள். சன்னலோரம் அமர்ந்து, கடைகளும் மரங்களும் தண்ணீருக்கடியில் மிதப்பதுபோல் நழுவுவதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நிறுத்தம் வந்தது. யார் யாரோ இறங்கினார்கள். அவள் அசையவில்லை. ‘இறங்கு’ என்று வாய்வரை வந்ததைக் கண்டக்டரம்மா விழுங்கிக்கொண்டார். வண்டி நகர்ந்தது. அடுத்த நிறுத்தமும் போனது. அப்புறம் திடீரென்று, “நிறுத்துங்க! நான் இறங்கணும்!” என்று அவள் போட்ட சத்தத்தில் பேருந்தே திரும்பிப் பார்த்தது.

“தாண்டி வந்துட்டேனேக்கா.”

“தாண்டினா என்ன? எங்க வண்டியில தூங்கித் தூங்கித் தாண்டினவங்க எத்தனை பேரு! தெரு எங்கயும் ஓடிப்போகல, நட.”

அக்கா வீட்டு வாசலில் மகள் நின்றிருந்தாள், தாயைவிட ஒரு பிடி உயரமாக. அவள் போட்டிருந்தது, தையல்காரி சிறையிலிருந்து அளவை ஊகித்துத் தைத்து அனுப்பிய சட்டை. மகள் கையை நீட்டிக் காட்டினாள்.

“கை கொஞ்சம் குட்டையா இருக்கு.”

“மடிப்புல துணி விட்டுத்தான் தச்சிருக்கேன்” என்றாள் தையல்காரி. “இறக்கித் தரேன்.”

கண்டக்டரம்மா தெருவோரமாகக் குனிந்து, நன்றாகவே இருந்த செருப்பின் வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். தாயும் மகளும் கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து தாழ்போடும் சத்தம் கேட்ட பிறகே நிமிர்ந்தார்.