இரண்டு குடித்தனத்துக்கு ஒரு டிஸ்க்

பள்ளியில் கணக்கில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை ஜெயித்தாள் சின்னவள். ஆண்கள் மட்டுமே இருந்த கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில், "பெருக்கத்தானே வந்தே?" என்று கேட்டவர்கள் வாயை ஆறே மாதத்தில் அடைத்தாள். செத்துப்போச்சு என்று கைவிட்ட டிஸ்க்குகளை உயிர்ப்பித்தாள். அவள் ஜெயிக்காதது ஒன்றுதான்: வேலைச் சீட்டின் அடியில் அவள் கையெழுத்து. யார் வேலை செய்தாலும் முதலாளிதான் போடுவார். கேட்டபோதெல்லாம், "அதுக்குக் காலம் வரும்மா" என்பார்.

வந்தது.

அன்று பெரியவள், தைக்க வேண்டிய துணிமூட்டையோடு, தங்கையுடன் சேர்ந்து வீடு போகலாம் என்று கடையில் காத்திருந்தாள். மேஜையில் ஒரு போட்டோக்காரரின் லேப்டாப். விண்டோஸ் பக்கம் பூராவும் கல்யாணப் படங்கள். அதே டிஸ்க்கில் கூடவே லினக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டமும் வேண்டுமாம். சின்னவள் வழக்கம்போல மூடிமேல் காகித டேப் ஒட்டி, டிஸ்க்கின் அளவுப்படி அதில் கோடு போட்டு எழுதியிருந்தாள்: இதுவரை விண்டோஸ், தொடாதே. இது ஒதுக்கிய காலி இடம், லினக்ஸ் இதற்குள்தான். கத்திரி வைக்குமுன் துணியில் கோடு போடுவது அக்காவின் பழக்கம். பார்த்ததும் பெரியவளுக்கு மனசு குளிர்ந்தது.

"ரெண்டு பெண்டாட்டிக்காரன் வீடு மாதிரி இருக்கே!" என்றார் முதலாளி.

"நடுச்சுவர் சரியா இருந்தா சண்டை வராது சார். படமெல்லாம் வேற டிஸ்க்குக்குக் காப்பி ஆகிட்டிருக்கு. முடியறவரைக்கும் யாரும் கை வைக்காதீங்க."

அவர் அவளையே கூரியர் ஆபீசுக்கு விரட்டினார். அவள் தலை மறைந்ததும் போட்டோக்காரர் போன்மேல் போன் போட்டார். முதலாளிக்கு இருப்புக்கொள்ளவில்லை. டேப்பைப் பிய்த்துக் கசக்கி எறிந்தார். காப்பியைப் பாதியில் நிறுத்தினார். லினக்ஸ் போடும் திரையில் கண்ணில் முதலில் பட்டதை அமுக்கினார்: டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டுப் போடு. காலி இடத்தில் மட்டும் போடும் வழி அதற்குக் கீழே இருந்தது. நிச்சயம்தானா என்று லேப்டாப் இன்னொரு தரம் கேட்டது. "ஆமாப்பா, ஆமா" என்று மறுபடி அமுக்கினார்.

சின்னவள் திரும்பியபோது லினக்ஸ் மட்டும் இருந்தது. பாதிக் கல்யாணங்கள் போயிருந்தன. லேப்டாப்பை வாங்க வந்த போட்டோக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"பொண்ணு கை தவறிடுச்சு சார்" என்றார் முதலாளி.

பெரியவள் எழுந்தாள். "அமுக்கினது நீங்க. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்?"

"இதென்ன தையல் மெஷினா, பாத்ததும் உனக்குத் தெரிய?"

அந்த நிலையிலும் போட்டோக்காரருக்குச் சிரிப்பு வந்தது.

முதலாளி வேலைச் சீட்டைச் சின்னவள் பக்கம் நகர்த்தினார். "செஞ்சவங்க கையெழுத்து வேணுங்கறார். போடும்மா. நாளைக்கும் வேலைக்கு வரணும்ல?"

"போடாதடி!"

"விடுக்கா. இதையும் விட்டுட்டு எந்தக் கடைக்குப் போறது?"

பெரியவள் குனிந்து டேப்பைப் பொறுக்கித் துணிமூட்டைமேல் வைத்து நீவினாள். ஒரு கோடுகூடக் கோணவில்லை. நிமிர்ந்தபோது சின்னவள் போட்டு முடித்திருந்தாள். எத்தனையோ நாள் பழகி வைத்திருந்த கையெழுத்து, அழகாகத்தான் இருந்தது. பக்கத்தில் தேதி: 14.3.2019.