தகரம் தட்டாத காலை

மேலூர் தாண்டி, கடலைக்காட்டை ஒட்டிய சொகுசுக் கூடாரத்தில் எனக்கு இரண்டாம் நாள் விடிகிறது. 'இயற்கையோடு வாழுங்கள்' என்கிற பலகைக்குக் கீழே ஏசியின் வெளிப்பெட்டி அனல் கக்குகிறது. வேலிக்கு அப்பால் ஏழெட்டு மயில்கள் கடலையைக் கிளறித் தின்கின்றன. காட்டுக்காரம்மா முந்தானையை வீசுகிறார். அவை நாலடி தள்ளிப்போய் மறுபடி கொத்துகின்றன. தகர டப்பா அவர் காலடியில் சும்மா கிடக்கிறது.

"டப்பாவைத் தட்டி விரட்டலாமேம்மா?"

"தட்டக்கூடாதுன்னுட்டாக சார். நேத்து யாரோ சத்தத்துல தூங்க முடியலன்னு சொன்னாகளாம். எம்மக இந்தக் கூடாரத்துலதான் கூட்டிப் பெருக்குறா. தட்டுனா அவ வேலை போயிரும்."

நேற்று விடியலில், என்ன சத்தம் என்றே தெரியாமல் மேலாளரிடம் போய்க் கத்தியவன் நான்தான்.

"நீங்களாச்சும் நல்லாத் தூங்குனீகளா சார்?"

தலையாட்டுகிறேன்.