காதில் ஏறிய தூண்டில்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் கற்பிட்டிப் பக்கத்துக் கடற்கரை ஊரொன்றில் நான் அரசாங்க மருத்துவிச்சியாக இருந்தேன். பயிற்சியில் பிள்ளைப்பேறு பற்றி எல்லாம் சொல்லித் தந்தார்கள். காதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் புத்தளம் ஆஸ்பத்திரி தூரம், என் பை பக்கம்.

ஒரு காலை, பாறைகள் சூழ்ந்த சிறு குடாவில் கலவாய் மீன் பிடிக்க நின்ற ஒருவர், ஈயம் கட்டிய கயிற்றைத் தலைக்கு மேல் சுழற்றி எறிந்தார். தூண்டில் கடலுக்குப் போகாமல் அவருடைய காதுச் சோணையில் ஏறிவிட்டது. அவர் மனைவி கயிற்றின் மறுமுனையைச் சுருட்டிப் பிடித்தபடி முன்னால் நடந்து, அவரை என் வீட்டுக்குக் கூட்டி வந்தார்.

செய்ய வேண்டியவை எனக்குத் தெரியும்: ஸ்பிரிட்டால் துடைத்தல், நுனியை மறுபக்கம் தள்ளி வெளியே எடுத்தல், அதில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு முள்ளைக் குறட்டால் வெட்டுதல், மிச்சத்தை வந்த வழியே இழுத்தல். முதல் இரண்டுக்கும் அவர் அசையவில்லை. குறட்டை எடுத்ததும் எழுந்துவிட்டார்.

“தூண்டில வெட்டேலாது, மிஸி. காதை வெட்டுங்க.”

“வெட்டின காது திரும்ப முளைக்காது.”

“தூண்டிலும் முளைக்காது. காது எனக்கு இன்னொண்டு இருக்கு.”

அது சரிதான். கப்பலில் தூண்டில் வருவது நின்றிருந்தது. கடைகளில் எங்கும் இல்லை. அந்த வீட்டுச் சோறு அந்த இரும்புத் துண்டில்தான் தொங்கியது.

குறட்டை வைத்துவிட்டு நன்றாகப் பார்த்தேன். கயிறு கட்டும் முனையில் வளையம் இல்லை; சற்றுத் தட்டையாக அடித்திருந்தார்கள், அவ்வளவுதான். கயிற்றை அவிழ்த்தால், தோடு போடுவதுபோல் முழுத் தூண்டிலையும் நுனி வந்த பக்கமாகவே வெளியே எடுத்துவிடலாம். மெதுவாகத் திருப்பித் திருப்பி இழுத்தேன். தட்டை முனை வந்தபோது அவர் அலறினார்.

“நாலு பெத்தன். நான் இந்தச் சத்தம் போட்டேனா, மிஸி?” என்று மனைவி கேட்டார்.

“இல்லை,” என்றேன். நாலாவதை எடுத்தது நான்தான்.

“முக்குங்க,” என்றார் மனைவி, கணவரிடம்.

முக்கினார். தூண்டில் முழுதாக வந்தது.

அயடின் போட்டுக் கட்டினேன். காயம் ஆறும்வரை காது நனையக் கூடாது என்றேன். “ஓம் மிஸி,” என்றார். நம்பிக்கை வராததால், அவர் மறுபடி மீன் பிடிக்கப் போன பாறை வரை பின்னாலேயே போனேன்.

முதல் எறியிலேயே தூண்டில் நீருக்கடியில் பாறையிடுக்கில் சிக்கியது. பலமாக இழுத்தால் கயிறு அறுந்துவிடும். அவர் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டுப்போட்ட காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குதித்தார்.

மேலே வந்தபோது ஒரு கை காதிலேயே இருந்தது. தூண்டில் பல்லிடுக்கில். எனக்கு ஏதோ சொல்ல வாயைத் திறக்கப் போனார்.

“கதைக்காதீங்க,” என்றேன். “முதல்ல அதைக் கையில எடுங்க.”